பஞ்சு இன்னும் சாப்பிடவில்லை
(மஞ்சக்குப்பம் வீட்டார் குழு, விஜயதசமி)

காலை 6:48
நான்: அண்ணி, எழுந்துவிட்டீர்களா? நம் முயல் பஞ்சு நேற்று ராத்திரியிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கொத்தமல்லியை மூக்கருகே நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கொத்தமல்லிக் கட்டைப் பார்த்தாலே கம்பியைக் கடிக்கிறவன்.

பெரியம்மா: நேற்று வீடெல்லாம் கூட்டம். பயந்திருக்கும். ஒரு ஸ்பூன் ஓமவாட்டர் கொடு, சரியாகிவிடும்.

மாமா: தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மீதி இருக்குமே? இரண்டு சொட்டு விடலாம்.

அண்ணி (நாமக்கல்): மாமா, அந்த சிரப் வேண்டவே வேண்டாம். முயலுக்குப் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பை மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இருக்கும் நல்ல கிருமிகள்தான் புல்லைப் புளிக்க வைத்துச் செரிக்கின்றன. அமாக்சிசிலினை வாய்வழி கொடுத்தால் அவை செத்து, கெட்ட கிருமி பெருகி விஷம் சுரக்கும். உயிரே போய்விடும். ஓமவாட்டரும் வேண்டாம் பெரியம்மா.

அண்ணி (நாமக்கல்): கண்ணு, புழுக்கை இருக்கிறதா?

நான்: தட்டில் எட்டோ ஒன்பதோ. மிளகு அளவுக்குச் சிறிசு. இரண்டு முடியில் கோத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அண்ணி (நாமக்கல்): நல்ல முயல் ஒரு நாளைக்கு 200க்கு மேல் போடும். குடல் அசைவு நின்றுகொண்டிருக்கிறது. நேற்று என்ன தின்றான்? மறைக்காமல் சொல்லுங்கள்.

காலை 7:05
தம்பி: அண்ணி, நான்தான். ஆயுத பூஜை பொரி கொஞ்சம் கொடுத்தேன். கொண்டைக்கடலை சுண்டலும். ரொம்ப ஆசையாகத் தின்றான். அப்புறம் ஒரு முழு கேரட். என்னால்தான் இப்படி ஆனதா?

அண்ணி (நாமக்கல்): பாசத்தில்தானே கொடுத்தாய், அழாதே. ஆனால் மாவுச்சத்தும் சர்க்கரையும் அந்தப் பைக்குள் போனால் வாயு சேரும், வலி வரும். வலித்தால் தின்னாது. தின்னாவிட்டால் குடல் இன்னும் மந்தமாகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால்தான் அரை நாள் சாப்பிடவில்லை என்றாலே ஓட வேண்டும் என்பது.

அண்ணி (நாமக்கல்): இப்போது வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பார். காதையும்.

நான்: வயிறு கொஞ்சம் உப்பினாற்போல் இருக்கிறது, கல் மாதிரி இல்லை. காது சில்லென்று இருக்கிறது. பல்லை நறநறவென்று கடிக்கிறான்.

அண்ணி (நாமக்கல்): பல் கடிப்பது வலியில். காது சில்லிட்டால் உடம்புச் சூடு குறைகிறது என்று அர்த்தம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வை, நகர்ந்துபோக இடம் விடு. வாயில் எதையும் திணிக்காதே. உள்ளே அடைப்பு இருந்தால் ஆபத்து. நாளை பார்க்கலாம் என்று மட்டும் இருக்காதீர்கள்.

மாமா: இங்கே இன்று எல்லாம் பூட்டியிருக்கும். வண்டியை எடுக்கிறேன், பாண்டி போய்விடலாம். கீழே வா.

அண்ணி (நாமக்கல்): என்னோடு படித்தவர் ஒருவர் அங்கே முயல் பார்க்கிறார். போன் செய்துவிட்டேன், வரச் சொன்னார். அட்டைப்பெட்டியில் டவல் விரித்து வையுங்கள். நேற்றைய புழுக்கையையும் ஒரு கவரில் எடுத்துக்கொள்.

காலை 10:20
நான்: எக்ஸ்ரேயில் அடைப்பு இல்லை, வாயுதான். தோலுக்கடியில் குளுக்கோஸ் மாதிரி நீர் ஏற்றினார். வலிக்கு ஊசி. ஊற வைத்த புல் பெல்லட்டைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார்.

பெரியம்மா: அவன் தன் புழுக்கையையே தின்கிறானே, அதனால்தான் வந்தது என்று நான் நினைத்தேன்.

அண்ணி (நாமக்கல்): இல்லை பெரியம்மா. அது திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று இருக்கும் வேறு வகை. அதில் புரதமும் வைட்டமினும் இருக்கிறது, தின்றே ஆக வேண்டும். அது தட்டில் அப்படியே கிடந்தால்தான் கவலை.

நான்: இனிமேல் என்ன கொடுப்பது? வைக்கோல் வாங்கட்டுமா?

அண்ணி (நாமக்கல்): வைக்கோலில் சத்து கிடையாது, படுக்கைக்கு ஆகும். தீனியில் பத்தில் எட்டுப் பங்கு புல்லாக இருக்கட்டும், காய்ந்ததோ பச்சையோ. பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் அதைத் தேய்க்கவும் புல்தான். வேலிமசால் என்கிற தீவனத் தழை கொஞ்சமாக. கேரட் ஒரு சின்னத் துண்டு, அதுவும் எப்போதாவது. மழை ஆரம்பிக்கிறது, பூஞ்சை பிடித்த புல்லை மட்டும் கொடுத்துவிடாதே. புதுசாக எது கொடுத்தாலும் துளித்துளியாகப் பழக்கு.

இரவு 9:37
தம்பி: அக்காஆஆ! புழுக்கை போட்டான்! நான் எண்ணினேன், பதினொன்று!

நான்: சிறிசுதான், ஆனால் உருண்டையாக இருக்கிறது. போட்டோ அனுப்பியிருக்கிறேன் அண்ணி. ஒரு கொத்தமல்லி இலையை இழுத்து, பாதி தின்று, பாதியைப் போட்டுவிட்டான்.

அண்ணி (நாமக்கல்): இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஒரு முறை சிரிஞ்சில் கொடு. காலையில் எத்தனை என்று எண்ணிச் சொல்.

பெரியம்மா: கெடிலத்துப் பக்கம் நல்ல அருகம்புல் இருக்கிறது. விடிந்ததும் பறித்துக்கொண்டு வருகிறேன். பிள்ளையாருக்கு ஒரு பிடி, மீதியெல்லாம் பஞ்சுவுக்கு.