பழைய வீடியோ கேம் டோக்கன் கெடச்சிருக்கு, புளி போட்டுத் தேய்க்கலாமுங்களா?

கோபி வாய்க்கா:
வணக்கமுங்க. அம்மாயி ஊட்டப் பிரிச்சுக் கட்டறதுக்கு சாமானெல்லாம் எறக்கறப்ப அட்டாலில ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலு, உள்ள 14 பித்தள டோக்கனு. எங்க சின்ன மாமா வெச்சதுங்க. மில்லுல சம்பளம் போட்டா என்னையும் தம்பியையும் பஸ்ஸேத்தி ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயி கேம் கடைல முஸ்தபா கேம் ஆட உடுவாரு, கடசில ஒரு டோக்கன மட்டும் ஆடாம சட்டப் பாக்கெட்டுல போட்டுக்குவாரு, ஏன் மாமான்னா அடுத்த தடவ வாரதுக்கும்பாரு. அவரு தவறி ஆறு வருசமாச்சு.

ஒரு பக்கம் நச்சத்திரம், மறுபக்கம் குறுக்க ரெண்டு கோடு பள்ளமா இருக்குது, அது எதுக்குங்க? எல்லாங் கருத்துக் கெடக்குது, புளி போட்டுத் தேச்சா தங்கமாட்ட மின்னும்ங்கறாங்க அம்மா. பழைய இரும்புக்காரரு பித்தள வெலைக்கு எடுத்துக்கறேங்கறாரு, மனசு ஒப்பல.

நொய்யல் கரை:
ஏனுங்க, அத மட்டும் எடைக்குப் போட்டறாதீங்க. நான் காந்திபுரம் பக்கம் ஒரு கேம் கடைல ரெண்டு வருசம் மிசின் பாத்தவனுங்க. அந்தப் பள்ளம் அழகுக்கு இல்ல. பழைய மிசின்ல காசு போடற ஸ்லாட்டுக்குள்ள, காசு உருள்ற வழில ஒரு சின்ன மேடு இருக்கும், பள்ளம் உள்ள டோக்கனு மட்டும் அதத் தாண்டும், மொழுக்குனு இருக்கற காசோ வாசரோ அங்க தட்டி வெளிய உழுந்துரும். பின்னால வந்த காசு டப்பால மாதிரிக்கு ஒரு டோக்கன நாமளே சொருகி வெக்கோணும், நீங்க போடறத உள்ள இருக்கற கம்பிச் சுருளு அந்த மாதிரியோட ஒப்பிட்டுப் பாக்கும், ஒலோகமும் அளவும் ஒத்து வந்தாத்தான் ஆடறதுக்குக் கிரெடிட் ஏறும்.

நேரா காசே போட உட்டா என்னன்னு கேப்பாங்க. 1992ல வந்த ஸ்டீல் ஒத்த ரூவா 25 மில்லிமீட்டர், 2011ல வந்தது 22, காசு மாறுனா அத்தன ஸ்லாட்டையும் மாத்தோணும். டோக்கனுக்கு அந்த வம்பு இல்ல. அதோட மிச்சமான டோக்கன வேற எங்கயும் செலவு பண்ண முடியாதுங்க, மறுக்கா அந்தக் கடைக்கேதான் வரோணும். உங்க மாமா சொன்னது சரியாப் போச்சு.

முஸ்தபாங்கறது நம்மூர்ப் பேருதான், 1993ல கேப்காம் உட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், அதுல முஸ்தபா கெய்ரோன்னு ஒருத்தன் வருவான்ல, அவம் பேர வெச்சே கேமக் கூப்புட்டுப் பழகிட்டோம்.

சென்னிமலத் தறி:
நான் பழைய காசு சேக்கறவனுங்க. புளி வேண்டவே வேண்டாம்! புளில இருக்கற அமிலம் மேல் படலத்தையே தின்னு எடுத்துரும், அந்தக் கருப்புத்தான் அதோட வயசு, மழுங்கிப்போன நச்சத்திரம் மறுக்கா வராது. சோப்புத் தண்ணில செத்த நேரம் போட்டு, மெத்துனு துணில ஒத்தி எடுத்து நெழல்ல நல்லாக் காய வெய்யுங்க. பளபளன்னு இருக்கற பிவிசி கவர்ல போட்டறாதீங்க, நாள்பட நாள்பட பிசுபிசுன்னு பச்சையா ஒட்டிக்கும். ரப்பர் பேண்டும் ஆகாது, கந்தகம் பட்டு கோடு உழுந்துரும். அப்பறம் ஒரு சீட்டுல எந்த ஊரு, யாரு வெச்சதுன்னு எழுதி ஒட்டுக்கா வெய்யுங்க, அது இல்லீன்னா நாளைக்கு அது வெறும் பித்தள.

உடுமலக் காத்து:
அண்ணா, நான் பிரவுசிங் சென்டர்ல வளந்த ஆளு. மாரியோ கேம்ல 100 காயின் எடுத்தா ஒரு லைஃப், காயின் பூஜ்யத்துக்குப் போயிரும். வைஸ் சிட்டின்னு ஒரு கேம்ல ஊரெல்லாம் 100 பேக்கேஜ் ஒளிச்சு வெச்சிருப்பாங்க, பத்து பத்தா எடுக்க எடுக்க நம்ம எடத்துக்கு ஒரு சாமான் வரும். நான் 93 எடுத்திருந்தேங்ணா, மாடி மேலயும் பாலத்துக்கு அடிலயும் நோட்டுல குறிச்சுக் குறிச்சு ஒரு லீவு பூராவும் தேடுனது. சென்டர்ல சிஸ்டத்த ஃபார்மேட் பண்ணிட்டாங்க, சேவ் பண்ணி வெச்ச ஆட்டமே போச்சு. ரெண்டு நாளு சோறு எறங்கல. உங்குளுது கைல இருக்குது, உட்டறாதீங்க.

கோபி வாய்க்கா:
நெம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். சோப்புத் தண்ணில கழுவி துண்டு மேல பரப்பியிருக்கறேன், அம்மாவும் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருக்கறாங்க. தடவைக்கு ஒண்ணுன்னா 14 தடவ போயிருக்கறோம், எனக்கு நாலஞ்சுதான் ஞாபகம் இருந்துச்சு. சீட்டுல மாமா பேரு எழுதியாச்சு. ஏழு தம்பிக்குக் குடுக்கறேன்.