வழக்கு இருப்பது தெரிந்தே வாக்களிப்பவர்கள் சொன்னது

குற்ற வழக்குகள் உள்ளவர், கை சுத்தமில்லாதவர் என்று ஊருக்கே தெரிந்த ஒருவரை மக்கள் ஏன் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கிறார்கள்? இந்தப் பேச்சு எழுந்தாலே, ‘ஜனங்களுக்கு விவரம் போதாது’, ‘காசுக்கு ஓட்டை விற்கிறார்கள்’ என்று இரண்டு பதில்கள் உடனே வந்து விழுகின்றன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரங்களிலிருந்து வழக்கு, சொத்து விவரங்களை எடுத்து, துண்டறிக்கையாக அச்சிட்டு வீடு வீடாகக் கொடுக்கும் தன்னார்வக் குழுவில் நான் இருந்திருக்கிறேன். வாசல்களில் நின்று கேட்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அந்த விவரங்கள் நமக்கு எளிதாகக் கிடைத்தவை அல்ல. தன்மீதுள்ள குற்ற வழக்குகளையும் சொத்துகளையும் வேட்பாளர் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. அதை நீர்த்துப்போகச் செய்யச் சட்டத் திருத்தம் வந்தது. 2003-இல் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்த பிறகுதான் நடைமுறை நிலைத்தது. அதனால்தான் அந்தத் தாளை ஒவ்வொருவர் கையிலும் சேர்ப்பதைப் பெரிய வேலையாக நாங்கள் நினைத்தோம்.

ஒரு வீட்டில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் தாளை வாங்கி, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். முடித்துவிட்டு நிமிர்ந்து, “தம்பி, இதில் அந்த நிலத் தகராறு வழக்கு இல்லையே. அது சமாதானமாகப் போய்விட்டதா?” என்று கேட்டார். எங்கள் தாளில் இருந்ததைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது.

“இவ்வளவு தெரிந்துமா அக்கா அவருக்குப் போடுகிறீர்கள்?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தெருச் சண்டை ஒன்றில் பெயர் அடிபட்டு, அவருடைய மகனை ஒரு நாள் இரவு போலீசார் அழைத்துப் போயிருக்கிறார்கள். மகன் உள்ளே இருக்கிறானா என்பதைக்கூட நிலையத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எந்த வழக்கு, எப்போது விடுவார்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று எதற்கும் பதில் இல்லை. விடியும் நேரத்தில் யாரோ சொல்லிக் கேட்டு, அந்த வேட்பாளரான அரசியல்வாதியின் ஆளுக்குப் போன் செய்திருக்கிறார். சிறிது நேரத்தில் அரசியல்வாதியே நேரில் வந்து, நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பேசி, பையனைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார்.

“அவர் நல்லவர் என்று நான் சொல்லவே இல்லை. நல்லவர் என்று ஒருவர் நிற்கிறாரே, அவர் வீடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?” என்றார். எங்கள் தாளில் முகவரி இருந்தது. அது வேறு ஊர்.

இந்த உரையாடலை இன்றுவரை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. கைது செய்யப்பட்டவரின் குடும்பத்தாருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அந்தத் தாய் யாரிடமும் கையேந்தத் தேவையில்லாத விஷயம் அது. சட்டம் அவருக்கு ஏற்கெனவே கொடுத்திருந்ததை, விடியற்காலையில் ஒரு ஆளின் தயவால் பெற வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளினார்கள். அந்தத் தயவுக்கு அவரால் கொடுக்க முடிந்தது தன் வாக்கு ஒன்றைத்தான். அவரை விவரமில்லாதவர் என்று சொல்பவர்கள் அந்த இரவு நிலைய வாசலில் நின்றிருக்க வேண்டும்.

எல்லோருடைய காரணமும் இதுவல்ல. “வழக்கு யார்மேல்தான் இல்லை? எல்லாம் அரசியல் வழக்கு” என்றவர்கள் நிறையப் பேர். அதில் நியாயமும் உண்டு. சாலை மறியல் வழக்கையும் கொலை முயற்சி வழக்கையும் ஒரே எண்ணிக்கையில் சேர்ப்பது தவறு. தனித்தனியாகக் காட்ட வேண்டும். இன்னொரு இளைஞர், “எதிர்த்தரப்பிலும் அடிதடி ஆள்தான். அப்படியிருக்க, அடிக்கிறவன் நம் பக்கம் இருக்கட்டுமே” என்றார். அதில் திமிர் இல்லை, பயம்தான் இருந்தது. பணத்தைப் பற்றிக் கேட்டால், இரண்டு தரப்பிலும் வாங்கிக்கொண்டதாகச் சாதாரணமாகச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் வாங்கியவர் யாருக்குப் போடுவது என்பதைப் பணமா முடிவுசெய்யும்?

நம் நாட்டில் மட்டும் நடப்பதாக இதை நினைக்க வேண்டாம். பிரேசிலில் அடெமார் டி பாரோஸ் என்ற, மக்கள் தேர்ந்தெடுத்த மாநில ஆளுநரைக் குறித்து, ‘திருடுகிறார், ஆனால் வேலை செய்கிறார்’ என்ற வாசகமே வழங்கியது. அமெரிக்காவின் லூசியானாவில் 1991-இல் நடந்த ஆளுநர் தேர்தலில் ஊழல் புகார்களுக்குப் பேர்போன எட்வின் எட்வர்ட்ஸை எதிர்த்து நின்றவர், கூ க்ளக்ஸ் க்ளான் என்ற இனவெறி அமைப்பின் முன்னாள் தலைவர் டேவிட் டியூக். ‘மோசடிக்காரருக்கே வாக்களியுங்கள், இது முக்கியம்’ என்ற ஸ்டிக்கரைக் கார்களில் ஒட்டிக்கொண்டு மக்கள் எட்வர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாக்காளரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இருவரை மட்டும் அவர் முன் கொண்டுவந்து நிறுத்திய அரசியலைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இங்கேயும் கட்சிகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைத் தொகுக்கும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் (ஏ.டி.ஆர்.) கணக்குப்படி, 2009-இல் குற்ற வழக்கு உள்ள மக்களவை உறுப்பினர்கள் 162 பேர். 2024-இல் 251 பேர், அதாவது 46 சதவீதம். 2024-இல் வழக்கு உள்ள வேட்பாளர்களில் வென்றவர்கள் 15.3 சதவீதம், வழக்கு இல்லாதவர்களில் 4.4 சதவீதம். வழக்கு உள்ளவர்களைப் பெரிய கட்சிகளே பெருமளவில் நிறுத்துகின்றன என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். சொந்தச் செலவில் தேர்தலைச் சந்திக்கக்கூடியவரைக் கட்சி தேடுகிறது. அந்தப் பணம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு டிக்கெட் போகிறது. வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்துகிறோம் என்று கட்சி காரணம் சொல்ல வேண்டும், ‘வெற்றி வாய்ப்பு’ என்பதை மட்டும் காரணமாகக் காட்டக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு வெளியான காரணங்களைப் படித்துப் பாருங்கள். ‘மக்கள் செல்வாக்கு’, ‘சமூக சேவை’ என்று அதே சங்கதி வேறு சொற்களில் வருகிறது. இது எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது.

தகவல் கொடுப்பது வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. பிரேசிலில் நகராட்சிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கணக்குத் தணிக்கை செய்து முடிவை வெளியிட்டார்கள். 2004 தேர்தலுக்கு முன்பே முடிவு வெளியான இடங்களில் முறைகேடு செய்த மேயர்கள் கூடுதலாகத் தோற்றார்கள்; உள்ளூர் வானொலி இருந்த இடங்களில் இன்னும் அதிகமாக. தங்கள் ஊர்ப் பணம் எங்கே போனது என்று அங்கே மக்களுக்குத் தெரிந்தது. எங்கள் தாளில் இருந்ததோ வழக்கு எண்ணும் சட்டப் பிரிவும்.

அடுத்த முறை துண்டறிக்கையின் பின்பக்கத்தில் வேறொன்றைச் சேர்த்தோம். வீட்டில் ஒருவரைப் போலீசார் அழைத்துப் போனால் என்ன கேட்கலாம், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இடம் இருப்பது, சட்ட உதவிக்கான 15100 என்ற எண். முன்பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தவர்கள்கூடத் தாளைத் திருப்பி நின்று படித்தார்கள். அந்த எண்ணில் நடு இரவில் யாராவது போனை எடுப்பார்களா என்பதுதான் எங்களிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி. வேட்பாளரின் வழக்குகளைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை.