எல்லாம் தெரிந்திருந்தும் அப்பா ஏன் அந்த அழைப்பைத் துண்டிக்கவில்லை?

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து ஒரு மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போலி அதிகாரிகள் வீடியோ அழைப்பில் ‘கைது’ செய்துவிட்டதாக மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியைப் பற்றி நாளிதழில் வந்த செய்தியைக் கத்தரித்து வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டியவரும் அவர்தான். சென்ற மாதம் அதே வலையில் அவரே சிக்கி 2,40,000 ரூபாயை இழந்துவிட்டார். அவருடைய ஆதார் எண்ணில் போதைப்பொருள் பார்சல் ஒன்று பிடிபட்டிருப்பதாகக் காவல் சீருடையில் ஒருவர் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் பேசியிருக்கிறார். கதவைத் தாழிட்டு, ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டு, மூன்று மணி நேரம் அப்பா அந்தக் கைப்பேசியின் முன் உட்கார்ந்திருந்தார். ஓய்வூதியம் தொடர்பாக யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்த அம்மா, போட்டு வைத்த சோற்றை இன்னொரு தட்டால் மூடிவிட்டு வெளியே காத்திருந்தார்.

எங்களிடம் அவர் சொன்னது மூன்றாம் நாள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் புகார் கொடுத்துவிட்டோம். பணம் வரும்போது வரட்டும். எனக்குப் புரியாதது, இவ்வளவு தெரிந்தவர் எப்படிக் கட்டுப்பட்டார் என்பதுதான். “உங்களுக்கே தெரியும்தானே அப்பா?” என்று தம்பி கேட்ட நாளிலிருந்து அவர் கைப்பேசியைத் தொடுவதில்லை, எங்களிடம் பேசுவதும் குறைந்துவிட்டது. அவரிடம் எப்படிப் பேசத் தொடங்குவது?

பதில் 1: உளவியல் ஆசிரியர், தருமபுரி

சகோதரி, உங்கள் தம்பி கேட்ட கேள்வியை உங்கள் அப்பா தமக்குள் நூறு முறை கேட்டிருப்பார். அதற்கு விடை அவருடைய அறிவில் இல்லை, அவரை உட்கார வைத்த சூழலில் இருக்கிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961-இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய, அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதைப் பற்றிய ஆய்வுகளை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்குமாறு ஆய்வாளர் சொன்னபோது, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்று எழுதியிருந்த கடைசி விசை வரை அழுத்தினார்கள். (உண்மையில் மின்சாரம் பாயவில்லை, அது அவர்களுக்குத் தெரியாது.) விசைகள் 15 வோல்ட் வீதம் ஏறுமாறு அமைந்திருந்ததால், எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவெடுப்பது அவர்களுக்குக் கடினமாக இருந்திருக்கலாம். உங்கள் அப்பாவிடமும் எடுத்த எடுப்பில் பணம் கேட்டிருக்க மாட்டார்கள். பெயரைச் சரிபார்ப்பதாகத் தொடங்கி, கதவைச் சாத்தச் சொல்லி, கணக்கு விவரம் கேட்டு, கடைசியில்தான் பணத்துக்கு வந்திருப்பார்கள்.

அந்த ஆய்வின் வேறு இரண்டு வடிவங்கள் உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானவை. ஆய்வாளர் அறையைவிட்டு வெளியேறித் தொலைபேசி வழியாகக் கட்டளையிட்டபோது, இறுதிவரை கீழ்ப்படிந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள். வெறும் குரலுக்கு அவ்வளவுதான் வலிமை என்பதால்தான், மோசடிக்காரர்கள் சீருடையும் வீடியோவும் துண்டிக்காத அழைப்புமாக வந்து அதிகாரி நேரில் நிற்பதைப் போன்ற உணர்வை உண்டாக்குகிறார்கள் என்று நான் கருதுகிறேன். பக்கத்தில் இருந்த இருவர் “நாங்கள் செய்ய மாட்டோம்” என்று எழுந்த வடிவத்திலோ, 40 பேரில் நால்வர் மட்டுமே கடைசி வரை போனார்கள். உங்கள் அம்மா அந்த அறைக்குள் வந்து “யாருங்க அது?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெரும்பாலும் அந்தப் பிடி தளர்ந்திருக்கும். கதவைத் தாழிடச் சொன்னதன் காரணம் அதுதான்.

பதில் 2: வங்கி ஊழியர், கிருஷ்ணகிரி

ஆசிரியர் சொன்னதை நான் கவுன்ட்டரில் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரியவர் ஒருவர் வைப்புத்தொகையை முறித்து வேறு மாநிலக் கணக்கு ஒன்றுக்கு அனுப்ப ஆர்.டி.ஜி.எஸ். படிவத்தை நீட்டினார். சட்டைப்பையில் இருந்த கைப்பேசியின் வெளிச்சம் துணிக்கு மேலே தெரிந்தது. “யாருக்குங்க ஐயா?” என்று கேட்டதும், “சொந்தக்காரருக்கு” என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையைப் பார்த்தார். நான் மேற்கொண்டு வாய் திறக்காமல், ஒரு செலானின் பின்புறத்தில் “போனில் யாராவது மிரட்டுகிறார்களா?” என்று எழுதி அவர் பக்கம் நகர்த்தினேன். படித்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார். கைப்பேசியை வாங்கி அணைத்த பிறகும் ஐந்து நிமிடம் அவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. அச்சத்தில் இருப்பவரிடம் பேச்சு எடுபடாது. முதலில் அந்த இணைப்பு அறுபட வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் திட்டுவதைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பிறகு நேரும் இழப்புதான் வங்கியின் பொறுப்பு. 1930-க்கு வரும் புகாரும் அப்படித்தான், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்குள் வந்தால்தான் அதை முடக்க முடியும். வெட்கத்தால் கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை இருக்கிறது. ஏச்சு விழும் என்று தெரிந்த வீட்டில் யாரும் உடனே சொல்ல மாட்டார்கள்.

பதில் 3: மாங்காய் வியாபாரி, காவேரிப்பட்டணம்

எனக்கு நடந்ததில் மிரட்டல் எதுவும் இல்லை. 2023 சீசனில், மண்டியில் லாரி ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், வெளியூரில் இருந்து ஒருவர் முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி கியூ.ஆர். படம் ஒன்றை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னார். ஒரு கையில் எடைச் சீட்டு, இன்னொரு கையில் கைப்பேசி. ரகசிய எண்ணை (PIN) அழுத்திவிட்டேன். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, அனுப்புவதற்கு மட்டும்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நாளெல்லாம் அதே எண்ணை அழுத்திப் பழகிய விரல் முந்திக்கொண்டது. 18,000 ரூபாய் போனது. இரண்டு நாள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னபோது என் மனைவி, “காலையிலிருந்து சாப்பிடாமல் நின்றிருப்பீர்கள்” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகுதான் என்னால் எல்லாவற்றையும் வரிசையாக நினைவுபடுத்திப் புகார் எழுத முடிந்தது.

மீண்டும் கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு அந்த இரண்டு ஆய்வு வடிவங்களையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “நால்வரா?” என்று கேட்டு, அந்த வரியை மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு தாமாகவே அம்மாவைப் பார்த்து, “நீ கதவைத் தட்டியது எனக்குக் கேட்டது” என்றார். அம்மா தட்டியது எங்களில் யாருக்கும் அதுவரை தெரியாது. பணம் சென்ற இரண்டு கணக்குகளின் எண்களையும் அவர் தம் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். புகார் நகலோடு நாளை தருமபுரி சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகிறோம். தம்பியும் உடன் வருகிறான்.