வீட்டுப் பழப்பாணி: எந்தப் பழத்துக்கு எவ்வளவு சூடு? உங்கள் அனுபவம் என்ன?

வெள்ளவத்தையிலிருந்து:

சட்டித் தயிருக்குக் கித்துள் பாணி இருக்கும்போது பழப்பாணி எதற்கு என்று மாமி கேட்டார். பதில் சொல்லாமல் அன்னாசிப் பாணியில் ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தேன். இப்போது ஞாயிறு காலையில் பாண் வாட்டத் தொடங்கினாலே, "அந்தப் போத்தலையும் எடு பிள்ளை" என்கிறார்.

செய்வது சுலபம். தோலும் கண்ணும் நீக்கிய அன்னாசி அரைக் கிலோ, பொடித் துண்டுகளாக. சீனி ஐந்து மேசைக்கரண்டி, பழம் நன்றாகப் பழுத்திருந்தால் நான்கே போதும். ஒரு சிட்டிகை உப்பு, விரல் நீளத்தில் கறுவாப்பட்டை. தண்ணீர் விட வேண்டாம், பழமே விடும். அலுமினியச் சட்டியில் வைக்காதீர்கள், பழப்புளி பட்டால் உலோக வாடை வரும். மெல்லிய தீயில் 15 நிமிடம் கொதித்ததும் பாதித் துண்டுகளை அகப்பையால் மசித்து, அரைத் தேசிக்காய் பிழிந்து, இன்னும் ஓடுகிற பதத்திலேயே இறக்கிவிடுங்கள். ஆறும்போது இறுகும். இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, இறக்குவதற்குச் சற்று முன் ஊற்றிக் கொதிக்க விடலாம்.

அன்னாசியில் சூட்டைக் குறைத்துவிடாதீர்கள். காய்ச்சாத பச்சை அன்னாசியைத் தயிரில் கலந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசக்கும். அதிலுள்ள புரோமலின் என்ற நொதியம் பாலின் புரதத்தை உடைப்பதால் வரும் கசப்பு அது. ஜெலட்டின் போட்ட புடிங் பச்சை அன்னாசியோடு இறுகாததற்கும் அதுதான் காரணம். கொதித்துவிட்டால் நொதியம் செயலிழந்துவிடும், அப்புறம் எந்தப் பால் பண்டத்தோடும் தைரியமாகச் சேர்க்கலாம்.

கொடித்தோடை இதற்கு நேர் எதிர். புறக்கோட்டையில் நடைபாதையில் பழம் விற்கும் நானா ஒருவர் எனக்குச் சுருங்கின பழங்களாகவே பொறுக்கிப் பையில் போட்டார். ஏன் என்று கேட்டேன். "தங்கச்சி, வடிவைப் பார்க்காதீங்க. தோல் சுருங்கினாத்தான் உள்ளுக்கு இனிக்கும். கையில் பாரமா இருக்கோணும், அவ்வளவுதான்" என்றார். வீட்டில் வெட்டிப் பார்த்தபோது அறை முழுக்க மணந்தது. அந்த மணத்தை அடுப்பில் விட்டுவிட எனக்கு மனம் வராது. அதனால் சீனியையும் சிறிது தண்ணீரையும் மட்டும் காய்ச்சி, அடுப்பை அணைத்த பிறகு விதையோடு சாற்றைச் சேர்க்கிறேன். விதையோடு மிக்ஸியில் அடிக்க வேண்டாம். விதை உடைந்து கறுப்புத் துகளாகிவிடும், கசப்பும் தட்டும்.

தெகிவளையிலிருந்து:

நன்றி அக்கா. நுவரெலியா போய்வந்த நண்பர் கொண்டுவந்த ஸ்ட்ரோபெரி பாதி வழியிலேயே நசுங்கியிருந்தது. மனைவி அதை வெட்டி, சீனி தூவி அரை மணி நேரம் மூடி வைத்தார். திறந்தால் கிண்ணம் நிறையச் சிவப்புச் சாறு. அதை ஐந்தாறு நிமிடம் மட்டும் சூடாக்கினோம். மகள் வனிலா ஐஸ்கிரீமுக்கும் ஊற்றினாள், மறுநாள் அப்பத்துக்கும் ஊற்றினாள். பாலப்பத்தின் மெத்தென்ற நடுப்பகுதிக்கு அவ்வளவு பொருத்தம்!

கொட்டாஞ்சேனையிலிருந்து:

கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு அடுப்பே தேவையில்லை என்பது என் கட்சி. யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டியில் வரும்போது ஒன்றிரண்டு அளவுக்கு மீறிக் கனிந்திருக்கும். அவற்றைப் பிசைந்து வடியில் தேய்த்தால் நார் நின்றுவிடும். தேசிக்காய்ப் புளியும் துளி உப்பும் போதும், சீனி கேட்காது. காய்ச்சாத பாணி என்பதால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். கூடுதலாக இருந்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, வேண்டியபோது இரண்டு கட்டிகளை எடுத்துக்கொள்ளலாம்.

வட்டிலாப்பத்துக்கு மட்டும் எந்தப் பழப்பாணியும் வேண்டாம். கித்துள் கருப்பட்டியும் ஏலமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ருசியில் புளிப்புக்கு இடமில்லை.

வெள்ளவத்தையிலிருந்து:

வட்டிலாப்பத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காய்ச்சிய பாணி எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பவர்களுக்கு: கொதிநீரில் கழுவிக் காயவைத்த போத்தலில், ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால், ஃபிரிட்ஜில் ஒரு வாரம்.