அந்த 5 கிலோ யார் கணக்கில்?

ஆய்வு செய்பவர்கள் சொல்வது தொழில் செய்பவர்களிடம் ஏன் எடுபடுவதில்லை, தொழில் செய்பவர்களுக்குத் தெரிந்தது ஆய்வுக்கு ஏன் போய்ச் சேருவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு எங்கள் பக்கத்துச் சங்கதி ஒன்றைச் சொல்கிறேன். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் தேன் வாங்கிச் சுத்திகரித்து அனுப்பும் சின்ன நிறுவனம் ஒன்றில் தரம் பார்ப்பது என் வேலை.

மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரம் தருவது, அதுவும் பூவிலிருந்து அல்ல. டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்து மரம் தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் மது, அதாவது தேனீ உறிஞ்சும் இனிப்புச் சாறு, கசியும். தேனீ வளர்ப்பவரின் வருஷ வருமானத்தில் பெரும்பகுதி இந்தச் சீசனில்தான்.

ரப்பர் தேனில் ஈரம் அதிகம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எங்களிடம் வருவது பெரும்பாலும் 23, 24 என்று நிற்கும். அப்படியே விட்டால் ஈஸ்ட் வேலை செய்து புளித்து நுரைக்கும். சூடாக்கி ஈரத்தை இறக்கலாம். ஆனால் சூடு கூடினால் எச்.எம்.எஃப். என்ற, சர்க்கரை சிதைந்து உண்டாகும் பொருள் ஏறும், அதற்கும் வரம்பு இருக்கிறது, மணமும் போகும். ஆகவே தேனீப் பெட்டியிலேயே ஈரம் குறைவது நல்லது. அடையின் கண்ணறைகளில் முக்கால்வாசியைத் தேனீக்கள் மெழுகு வைத்து மூடிய பிறகு எடுங்கள் என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்வார்கள்.

இதை ஆராய ஒரு முனைவர் பட்ட மாணவி வந்தார். மூடும் முன்பே ஏன் தேன் எடுக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. கையிலிருந்த கேள்வித்தாளில் ‘விழிப்புணர்வு இல்லை’ என்பது முதல் விடை. குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே பெட்டி வைத்திருப்பவர் அறுபதைத் தாண்டியவர். பெட்டியின் மேல் அடுக்கான தேன் அறையிலிருந்து (கீழ் அடுக்கு புழு வளரும் அறை) அடையோடு ஒரு சட்டத்தை எடுத்துக் கிடைமட்டமாகப் பிடித்து ஒரு உதறு உதறினார். மூடாத கண்ணறைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சிதறியது. “இது பழுக்காத தேன், எனக்குத் தெரியும் மக்களே. மூடுற வரைக்கும் நான் இருந்தா, மேல எடமில்லாம புழு அறையிலயும் தேனைக் கொண்டு நிறைச்சிரும். ராணிக்கு முட்டையிட எடம் இருக்காது. கூட்டம் பிரிஞ்சு போயிரும். சீசன் நடுவுல பெட்டி காலியானா யார் தருவா?”

நம் நாட்டு இந்தியத் தேனீக்குப் பெட்டியும் சின்னது, பிரிந்து போகும் குணமும் கூடுதல். அவர் சொன்னது உயிரியல். ஆய்வுக் கட்டுரையில் வர வேண்டிய விஷயம் அது.

அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்கே உறைத்தது. “ஈரம் குறைஞ்சா எடையும் குறையுமே?” மாணவி அங்கேயே நோட்டில் கணக்குப் போட்டார். 24 சதவீத ஈரமுள்ள 100 கிலோ தேனில் தண்ணீர் போக மிச்சம் 76 கிலோ. அதே தேன் 20 சதவீதத்துக்கு வந்தால் மொத்தம் 95 கிலோதான். 5 கிலோ போயிற்று. எடைக்கு ஒரே விலை என்றால், நல்ல தேன் தருகிறவருக்குத்தான் நட்டம். எத்தனை பயிற்சி கொடுத்தும் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. குறை எங்கள் பக்கத்தில், வாங்குகிறவர்கள் பக்கத்தில்.

மாணவி தன் ஆய்வுத் திட்டத்தையே மாற்றினார். மேலே இன்னொரு தேன் அறை வைத்தால் இட நெருக்கடி குறைந்து, மூடும் வரை பொறுக்க முடியுமா என்று சில பெட்டிகளில் பார்த்தார். பலமான கூட்டங்களில் நன்றாகவே நடந்தது. பலவீனமான கூட்டம் இரண்டாவது அறைக்கு ஏறவே இல்லை. அதையும் மறைக்காமல் எழுதினார், அந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. நான் எங்கள் முதலாளியிடம் அந்த 95 கிலோ கணக்கைக் காட்டினேன். ஒரு வாரம் இழுத்தது. இப்போது வாங்கும் இடத்திலேயே ஈரம் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் ஒரு துளி வைத்து, தேன் கொண்டு வருபவர்கள் கண் முன்னால் பார்த்து, ஈரத்துக்குத் தக்க விலை போடுகிறோம்.

தொழில் செய்பவர்களிடமிருந்து ஆய்வுப் பக்கம் அறிவு போகாமல் நின்றதும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற, தேனீப் புழுக்களைத் தாக்கும் வைரஸ் வந்து தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீக் கூட்டங்கள் அழிந்தன. புழுக்கள் நீர் நிறைந்த பைபோல் ஆகிச் செத்தன. எங்கள் மாவட்டத்தில் பலர் தொழிலையே விட்டார்கள். விடாதவர்கள், தப்பிய கூட்டத்தை மட்டும் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். எந்தக் கூட்டம் தப்பியது, எந்தத் தோட்டத்தில் என்ற விவரம் அவர்கள் மனதில் மட்டும் இருக்கிறது. வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், இதைக் குறித்து வைக்க ஆள் இல்லையே என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. தளிர் விடும் நேரத்தில் ரப்பருக்கு, இலையில் வெள்ளைப் பொடி படரும் பொடி நோய் வந்தால் இளந்தளிர் உதிரும், மதுவும் போகும். அதற்குத் தோட்டக்காரர் கந்தகத் தூள் அடிப்பது தேனீ வேலை செய்யும் அதே வாரங்களில். மரத்தைப் பார்க்கிறவர் ஒரு துறை, தேனீயைப் பார்க்கிறவர் வேறு துறை. எப்போது தூவினால் இரண்டு பேருக்கும் பாதகமில்லை என்று தோட்டத்தில் நின்று பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வருகிற ஜனவரிக்குள் எங்களுக்குத் தேவைப்படுகிறது.