பத்திரிகை விமர்சனத்தை நம்பி லினக்ஸ் போட்டால் எங்கே இடிக்கும்? டெல்டா அனுபவங்கள்

தஞ்சாவூர், லேப்டாப் சர்வீஸ்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஆங்கில கம்ப்யூட்டர் தளங்களிலும் தமிழ் நாளிதழ் இணைப்புகளிலும் ஒரே பாட்டு: ‘பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள், லினக்ஸ் போடுங்கள்.’ லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றாக உள்ள இலவச இயங்குதளம். யோசனை நல்லதுதான். கட்டுரை விட்டுவிட்ட இடத்தில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படி எதிர்ப்பட்டதை இங்கே எழுதுங்கள். என்ன செய்தி, எந்த மெஷின், எங்கே நின்றது, எப்படிச் சரியானது: இந்த நான்கும் இருந்தால் அடுத்தவருக்கு உதவும்.

முதலில் இங்கே அதிகம் வருவது. ‘பென்டிரைவ் செருகு, இன்ஸ்டால் அழுத்து, இருபது நிமிடம்’ என்று கட்டுரை முடிந்துவிடும். இன்ஸ்டாலரோ ‘டிஸ்க் இல்லை’ என்று நிற்கும். சமீப ஆண்டு இன்டெல் லேப்டாப்புகள் பலவற்றில் பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) சேமிப்பு முறை ‘ஆர்எஸ்டி’ அல்லது ‘ரெய்டு’ என்று இருக்கும். அதை ‘ஏஹெச்சிஐ’ ஆக்கினால் டிஸ்க் தெரியும். ஆனால் நேரே போய் மாற்றினால் உள்ளே இருக்கும் விண்டோஸ் நீலத்திரையில் விழும்.

வரிசை இதுதான். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரை நிறுத்தி வையுங்கள். பிறகு விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியைத் திறந்து ‘பூட்’ பகுதியில் ‘சேஃப் பூட், மினிமல்’ டிக் செய்து ரீஸ்டார்ட். நேராக பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ. விண்டோஸ் சேஃப் மோடில் ஏறும், டிரைவரைத் தானே மாற்றிக்கொள்ளும். மறுபடி எம்எஸ்கான்ஃபிக்கில் அந்த டிக்கை எடுத்து ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் நம்பர் சில சமயம் வேலை செய்யாது, அதனால் கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். இது தெரியாமல் இறங்கி விண்டோஸும் போய் லினக்ஸும் ஏறாமல் நிற்கும் மெஷின்தான் கடைக்கு வருகிறது.

இன்னொன்று, டிஸ்க்கின் உடல்நிலை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இன்ஸ்டால் பாதியில் உறைந்தால் ‘லினக்ஸ் ஹேங் ஆகுது’ என்பார்கள். நிறுவாமலே லினக்ஸ் ஓடும் லைவ் பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தரும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையைப் பாருங்கள். 5-ஆம் எண் (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்), 197-ஆம் எண் (படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்) வரிகள் பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 பூஜ்யம் இல்லையென்றால் எந்த டிஸ்ட்ரோவும் (உபுண்டு, டெபியன், மின்ட் போன்ற லினக்ஸ் வகை) உதவாது. 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

மன்னார்குடி

‘எந்த டிஸ்ட்ரோ குறைவான ரேம் தின்கிறது’ என்று ஒரு பட்டியல் எல்லா இதழிலும் வரும். 450 எம்பி, 620 எம்பி, 1.1 ஜிபி என்று அடுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்து டிஸ்ட்ரோ தேர்ந்தெடுக்கக் கூடாது. காரணம் சொல்கிறேன்.

அந்த எண் ரேம் நிலவரம் காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளையின் ‘யூஸ்டு’ பத்தியிலிருந்து எடுத்தது. ‘ஃப்ரீ’ இருக்கும் புரோக்பிஎஸ் தொகுப்பின் 4-ஆம் வரிசையில் அந்தக் கணக்கையே மாற்றிவிட்டார்கள். முன்பு மொத்தத்திலிருந்து காலியையும் கேஷையும் கழித்தார்கள். இப்போது மொத்தத்திலிருந்து ‘அவைலபிள்’ பத்தியைக் கழிக்கிறார்கள். அதனால் ஒரே மெஷின், ஒரே வேலை, டெபியன் 11-இல் ஒரு எண், டெபியன் 12-இல் வேறு எண். இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து ‘புதுசு கனமாகிவிட்டது’ என்று எழுதினால் அது ஒப்பீடே இல்லை.

பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’ பத்தி. அதுவும் வெறும் டெஸ்க்டாப்பில் பார்த்துப் பயனில்லை. பிரவுசரில் ஐந்து டேப், லிப்ரே ஆபீஸில் ஒரு கோப்பு, ஒரு பிடிஎஃப் திறந்து வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். 4 ஜிபி மெஷினில் டெஸ்க்டாப்பை மாற்றி மிச்சப்படுத்தும் 300 எம்பியை பிரவுசரின் இரண்டு டேப் விழுங்கிவிடும்.

4 ஜிபி-யோடுதான் ஓட்டணும் என்றால், ரேமில் இருப்பதைச் சுருக்கி இடம் மிச்சப்படுத்தும் ‘இசட்ரேம்’ போடுங்கள். டெபியன், மின்ட் இரண்டிலும் ‘இசட்ரேம்-டூல்ஸ்’ என்று தொகுப்பு இருக்கிறது. அமைப்புக் கோப்பில் சதவீதம் 50, அல்காரிதம் ‘இசட்எஸ்டிடி’ என்று வைத்து சேவையை ரீஸ்டார்ட் செய்தால் போதும். ரேம் வாங்கிப் போடுவதானால் பழைய லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கும் சிப்பைப் பாருங்கள். டிடிஆர்3எல், 1.35 வோல்ட் என்று எழுதியிருந்தால் அதையே வாங்குங்கள். 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டால் சில மெஷின் திரையே வராது.

கும்பகோணம், டிடிபி – பிரிண்டர்

மன்னார்குடி அண்ணன் சொன்னதை வழிமொழிகிறேன். விமர்சனங்களில் கண்ணில் படாத இரண்டு விஷயம் பிரிண்டரும் தமிழும். நம் ஊர் ஜெராக்ஸ் கடை, பத்திரம் எழுதும் இடம், கல்யாணப் பத்திரிகை டிடிபி எல்லாவற்றுக்கும் இந்த இரண்டும்தான் உயிர்.

ஹெச்பி லேசர்ஜெட் 1020 இன்னும் ஏராளமாக ஓடுகிறது. இதன் ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள்) பிரிண்டருக்குள் நிலையாக இருக்காது. ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அனுப்ப வேண்டும். லினக்ஸில் அந்த வேலையை ஹெச்பிலிப் தொகுப்பும் அதற்கான தனி பிளக்இன்னும் செய்கின்றன. பிளக்இன் பதிப்பும் ஹெச்பிலிப் பதிப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். முதல் நாள் டெஸ்ட் பேஜ் அழகாக வரும், ‘பிரிண்டர் உடனே வேலை செய்தது’ என்று விமர்சனமும் முடிந்துவிடும். பிறகு ஒருநாள் டிஸ்ட்ரோவைப் புதிய பதிப்புக்கு ஏற்றினால் ஹெச்பிலிப் மாறும், பிளக்இன் பழசாகவே நிற்கும். பச்சை விளக்கு எரியும், வேலை வரிசையில் ‘முடிந்தது’ என்று காட்டும், தாள் வராது. பிரிண்டரைக் கழற்றவே வேண்டாம். ‘ஹெச்பி-பிளக்இன்’ கட்டளையை மறுபடி ஓட்டி, பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் முடிந்தது.

கேனான் எல்பிபி 2900 வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது போஸ்ட்ஸ்கிரிப்டும் பேசாது, பிசிஎல்-லும் பேசாது, கேனானின் சொந்த ‘கேப்ட்’ மொழிதான். கேனான் கொடுத்த லினக்ஸ் டிரைவர் 64 பிட் சிஸ்டத்திலும் 32 பிட் லைப்ரரிகளைக் கேட்கும். பின்னணியில் ‘சிசிபிடி’ என்ற சேவை ஓட வேண்டும். அதில் பிரிண்டரை ‘எல்பி0’ என்று பதிந்திருப்போம். யூஎஸ்பி வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினால் அது ‘எல்பி1’ ஆகலாம், அச்சு நின்றுவிடும். யூடெவ் (செருகும் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் லினக்ஸ் பகுதி) விதி ஒன்று எழுதி பிரிண்டருக்கு நிலையான பெயர் கொடுப்பதுதான் வழி. நாள் முழுக்க அச்சடிக்கும் கடையில் 2900 இருந்தால், லினக்ஸ் போடும் முன் ஒரு வாரம் தனி மெஷினில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன்.

தமிழுக்கு வருகிறேன். ‘இந்திய மொழிகள் ஆதரவு உண்டு’ என்று ஒரு வரி எழுதுவார்கள், அவ்வளவுதான். தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ் (மொழி உள்ளீட்டுக் கருவி), அதன் எம்17என் தொகுப்பு இரண்டையும் நிறுவி, ஒருமுறை லாக்அவுட் செய்து வந்தால்தான் பட்டியலில் தமிழ்99 தெரியும். லாக்அவுட் செய்யாமல் ‘வரவில்லை’ என்று விட்டவர்கள் நிறைய. எழுத்துரு சோதனைக்கு கௌ, நொ, க்ஷ, ஸ்ரீ நான்கையும் அடித்து, பிடிஎஃப் ஆக்கிப் பார்த்துவிடுங்கள். டெர்மினலில் தமிழ் உடைந்து தெரிந்தால் கவலை வேண்டாம், அங்கே எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கு, உயிர்மெய் அதில் சரியாக உட்காராது.

யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். ஃபான்ட்டை ஹோமுக்குள் மறைந்திருக்கும் லோக்கல் ஃபோல்டரின் ஃபான்ட்ஸ் இடத்தில் போட்டு, கேஷைப் புதுப்பித்தால் அப்படியே படிக்கலாம். பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளை லிப்ரே ஆபீஸ் 4.4 முதல் திறக்கும். ஆனால் பக்க அமைப்பு நகரும், அதனால் பழைய வேலையை எடுத்துப் படிக்க மட்டும் நம்புங்கள்.

நாகப்பட்டினம், நெட்வொர்க்

என் பக்கம் பயமுறுத்தும் தலைப்புகள். மூன்று உதாரணம் போதும்.

2015 டிசம்பர்: ‘பேக்ஸ்பேஸை 28 முறை அழுத்தினால் லினக்ஸ் திறந்துவிடும்.’ அது கிரப் பூட்லோடரின் (மெஷின் ஆன் ஆனதும் சிஸ்டத்தை ஏற்றும் நிரல்) பிழை. கிரப்புக்கே பாஸ்வேர்டு போட்டிருந்தால், அந்தப் பாஸ்வேர்டைத் தாண்டலாம் என்பதுதான் செய்தி. வீட்டு மெஷினில் கிரப் பாஸ்வேர்டு போடும் வழக்கமே கிடையாது. கணினி முன்னால் வந்து உட்கார்ந்தவன் பென்டிரைவிலேயே பூட் செய்துகொள்வான்.

2024 மார்ச் 29: எக்ஸ்இசட் என்ற கோப்பு சுருக்கும் தொகுப்பில் ஒளித்து வைத்த பின்கதவு. இது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு வழக்கத்தைவிட மெதுவாக இருப்பதைத் துருவிக் கண்டுபிடித்தார். ஆனால் ‘எல்லா லினக்ஸும் ஆபத்தில்’ என்ற தலைப்பு தவறு. மாட்டியது 5.6.0, 5.6.1 இரண்டு பதிப்புகள் மட்டுமே. டெபியன் 12-இல் 5.4, உபுண்டு 22.04-இல் 5.2. நிலையான பதிப்பில் இருந்தவர்கள் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்இசட்-இன் பதிப்பு எண்ணைக் கேட்க ஒரே கட்டளை, ஒரு நொடி. அந்த ஒரு வரி இல்லாமலே செய்தியைப் போட்டவர்கள் பலர்.

2024 செப்டம்பர்: கப்ஸ் எனும் லினக்ஸ் அச்சு அமைப்பில் ஓட்டை. விவரம் வெளிவரும் முன்னரே ‘பத்துக்கு 9.9 ஆபத்து’ என்று ஓடியது. 26-ஆம் தேதி முழு விவரம் வந்தபோது நிபந்தனைகள் தெரிந்தன: கப்ஸ்-பிரவுஸ்டு சேவை ஓட வேண்டும், யூடிபி 631 போர்ட் (நெட்வொர்க் வாசல்) வெளியிலிருந்து எட்ட வேண்டும், பிறகு யாராவது அந்தப் போலி பிரிண்டருக்கு அச்சு அனுப்ப வேண்டும். ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கடையை இணையத்திலிருந்து நேராக எட்ட முடியாது. ஆனால் பலர் ஒரே வைஃபையைப் பகிரும் கல்லூரி, விடுதி போன்ற இடங்களில் கவனிக்க வேண்டியதுதான். அந்த ஒரு சேவையை நிறுத்தி முடக்கினால் தீர்ந்தது. யூஎஸ்பி பிரிண்டர் எப்போதும் போல அடிக்கும், வைஃபை பிரிண்டர் தானாகப் பட்டியலில் தோன்றுவது மட்டும் நிற்கலாம்.

தலைப்பைப் பார்த்ததும் நான்கு கேள்வி: எந்தத் தொகுப்பு, எந்தப் பதிப்பு, அது என்னிடம் இருக்கிறதா, என்ன நிலையில் தாக்கும்? நான்குக்கும் கட்டுரையில் பதில் இல்லையென்றால், உங்கள் டிஸ்ட்ரோவின் பாதுகாப்பு அறிவிப்புப் பக்கத்துக்கு நேரே போய்விடுங்கள்.

மயிலாடுதுறை

தரவரிசை பற்றிச் சுருக்கமாக. ‘நம்பர் ஒன் டிஸ்ட்ரோ’ என்று செய்தி வந்தால் பெரும்பாலும் அது டிஸ்ட்ரோவாட்ச் பட்டியல். அந்தத் தளத்தில் ஒரு டிஸ்ட்ரோவின் பக்கத்தை ஒரு நாளில் எத்தனை ஐபி முகவரிகள் திறந்தன என்பதே அந்த எண். நிறுவியவர் கணக்கு அதில் இல்லை, அந்தத் தளமே இதைச் சொல்கிறது. இணையப் பார்வைகளை எண்ணும் ஸ்டாட்கவுன்டர் தளத்தின் கணக்கில் 2024 பிப்ரவரியில் டெஸ்க்டாப் லினக்ஸ் 4 சதவீதத்தைத் தாண்டியது. அதுவும் பக்கப் பார்வைகள், மெஷின் எண்ணிக்கை கிடையாது.

இதைவிட முக்கியம் ஆதரவுக் காலம். உபுண்டு 25.10 வெளியானது 2025 அக்டோபர் 9. விண்டோஸ் 10 முடிவதற்கு ஐந்து நாள் முன்பு என்பதால் எல்லா இடத்திலும் அதன் விமர்சனம்தான். அதற்கு ஆதரவு 9 மாதம், 2026 ஜூலையோடு சரி. 24.04-க்கு 2029 வரை இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு 25.10-ஐப் போட்டுக் கொடுத்தால் குறுவை நடவு மும்முரத்தில் அப்கிரேடு என்று வந்து நிற்பார்கள்.

பழைய பாடம் ஒன்றும் உண்டு. 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10-க்கு நல்ல விமர்சனங்கள் வந்தன, யூனிட்டி டெஸ்க்டாப் போய் க்னோம் டெஸ்க்டாப் திரும்பியது என்ற மகிழ்ச்சி. டிசம்பரில் அந்த ஐஎஸ்ஓவை (நிறுவுவதற்கான கோப்பு) இறக்கிக்கொள்ள வேண்டாம் என்று உபுண்டுவே நிறுத்தியது. இன்டெல் எஸ்பிஐ டிரைவர் ஒன்று, முக்கியமாக சில லெனோவோ லேப்டாப்புகளில், பயாஸைக் கெடுத்துவிட்டது. அமைப்புகள் சேமிக்காது, யூஎஸ்பியில் பூட் ஆகாது. சரிசெய்த ஐஎஸ்ஓ 2018 ஜனவரியில் வந்தது. ஒரு நாள் விர்ச்சுவல் மெஷினில் ஓட்டி எழுதும் விமர்சனத்தில் இப்படிப்பட்டது தென்படவே படாது. புதிய பதிப்பை இரண்டு மாதம் ஆறப்போடுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

முன்பு லினக்ஸ் ஃபார் யூ மாதிரி இதழ்கள் டிவிடியோடு வந்தன. 2003-இல் தொடங்கி 2012-இல் ஓப்பன் சோர்ஸ் ஃபார் யூ ஆனது அதுதான். இணையம் மெதுவாக இருந்த ஊர்களுக்கு அந்த வட்டு பெரிய கொடை. இதழில் படித்ததையே அதே வட்டில் சோதித்துப் பார்க்க முடிந்தது. இப்போது கட்டுரை மட்டும் கையில் இருக்கிறது, 6 ஜிபி ஐஎஸ்ஓ நம் தலையில்.

திருத்துறைப்பூண்டி, கணினி பயிற்சி மையம்

அந்த 6 ஜிபி பற்றித்தான் எழுத வந்தேன். தினம் 1.5 ஜிபி மொபைல் டேட்டாவில் பிரவுசர் வழியாக இறக்கினால் நடுவில் அறுந்து மறுபடி முதலிலிருந்து. டொரன்ட்டில் இறக்குங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்க்கும். டொரன்ட் கோப்பை டிஸ்ட்ரோவின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்தையே உடைத்து 17.3 சினமன் ஐஎஸ்ஓவின் இணைப்பை மாற்றிவிட்டார்கள். தளமே கைமாறினால் அங்கே இருக்கும் எஸ்ஹெச்ஏ சரிபார்ப்பு எண்ணும் மாறியிருக்கலாம், ஆகவே ஜிபிஜி டிஜிட்டல் கையெழுத்தையும் சரிபார்க்க வேண்டும்.

பத்து மெஷின் உள்ள லேபில் ‘அப்டேட் செய்யுங்கள்’ என்ற ஒரு வரி அறிவுரை மாத டேட்டாவைக் காலி செய்யும். ஒரு மெஷினில், இறக்கியதைச் சேமித்து மற்றவற்றுக்குக் கொடுக்கும் ‘ஏபிடி-கேச்சர்-என்ஜி’ நிறுவுங்கள், அது 3142 போர்ட்டில் காத்திருக்கும். மற்ற ஒன்பதிலும் ஏபிடி (தொகுப்புகளை நிறுவும் கருவி) அமைப்பில் பிராக்ஸியாக அந்த மெஷினின் ஐபியும் 3142-ம் ஒரு வரி. முதல் மெஷின் இறக்கியதை மற்றவை லேனிலேயே எடுத்துக்கொள்ளும். ஹெச்டிடிபிஎஸ் களஞ்சியங்கள் இதில் தேங்காது, உபுண்டு, மின்ட்டின் வழக்கமான ஹெச்டிடிபி களஞ்சியங்கள் தேங்கும். தொகுப்புகளின் கையெழுத்தை ஏபிடி எப்படியும் சரிபார்க்கும், பயம் வேண்டாம். ஸ்னாப், ஃபிளாட்பேக் வகைத் தொகுப்புகள் இந்த வழியில் வராது, அவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கரன்ட் விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டென்று போய் வந்தால், மறுநாள் மெஷின் கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று நிற்கும். எல்லாம் போச்சு என்று ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். ‘எக்ஸிட்’ என்று அடித்தால் எந்தப் பார்ட்டிஷனில் பிழை என்று அதுவே சொல்லும். அந்தப் பெயரைக் கொடுத்து டிஸ்க் பிழையைச் சரிசெய்யும் ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையை ‘ஒய்’ விருப்பத்தோடு ஓட்டி, முடிந்ததும் ரீபூட். பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. கரன்ட் போகாத நாளிலும் இது வந்தால் சாட்டா வயரை மாற்றிப் பாருங்கள், அப்புறம் தஞ்சாவூர்க்காரர் சொன்ன 197-ஆம் எண்ணைப் பாருங்கள்.

தஞ்சாவூர், லேப்டாப் சர்வீஸ்

கும்பகோணத்து ஹெச்பி பிளக்இன் குறிப்பை அச்செடுத்து கடைச் சுவரில் ஒட்டியாயிற்று. விடுபட்டது ஒன்று. 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இரண்டு சிஸ்டம் உள்ள மெஷின்களில் ‘ஷிம் எஸ்பாட் சரிபார்ப்பு தோல்வி’ என்று வந்து லினக்ஸ் ஏறாமல் நின்றது. செய்தி எல்லா இடத்திலும் வந்தது, தீர்வோ பாதி இடத்தில் ‘செக்யூர் பூட்டை அணையுங்கள்’ (கையெழுத்துள்ள சிஸ்டத்தை மட்டும் ஏற விடும் காவல்) என்பதோடு சரி. அணைத்து லினக்ஸுக்குள் போன பிறகு ‘மோக்யூட்டில்’ கட்டளையில் எஸ்பாட் (பழைய பூட்லோடர்களைத் தடுக்கும் பட்டியல்) கொள்கையை ‘டிலீட்’ என்று கொடுத்து, ஒருமுறை லினக்ஸிலேயே ரீபூட் செய்து, அதன் பிறகு செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்யலாம். பிட்லாக்கர் இருந்தால் இங்கேயும் அந்த 48 இலக்கம் கையில் இருக்கட்டும்.