வாக்காளர் அட்டை கையில் இருந்தால் போதுமா? வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்ப்பது யார் வேலை?

ஈரோட்டுக்காரன்:
2024 ஏப்ரல் 19, காலை ஏழரை மணி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓட்டுப் போடப் போனேன். பிளாஸ்டிக் உறை போட்ட வாக்காளர் அட்டையை முதல் நாள் ராத்திரியே எடுத்து வைத்திருந்தார். உள்ளே இருந்த அலுவலர் பட்டியல் மேல் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். என் பெயர் இருந்தது. தவறிப்போய் மூன்று வருடமான அப்பா பெயரும் இருந்தது. அம்மா பெயரை மட்டும் நீக்கியிருந்தார்கள். இறந்தவர் பெயரை எடுக்கச் சொல்லி நாங்கள் கொடுத்த மனுவில், யாரோ வரி மாறி எடுத்துவிட்டார்கள் போல. அட்டையைக் காட்டினோம், ஆதாரைக் காட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு அக்கா "ஓட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டதும், அம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். தயவுசெய்து எல்லோரும் தேர்தலுக்கு முன்னாடியே ஒருமுறை பெயரைப் பார்த்துவிடுங்கள்.

வடபழனி வாசி:
அம்மாவுக்கு நடந்தது கொடுமை அண்ணா. ஆனால் கடைசியில் சொன்னதை ஏற்க முடியவில்லை. தப்பு செய்தது அவர்கள், சரிபார்க்க வேண்டியது நாமா? 18 வயது நிரம்பிய குடிமகனுக்கு ஓட்டு உண்டு என்று அரசியலமைப்புச் சட்டம் 326ஆவது பிரிவு சொல்கிறது. அதை வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ள இது வண்டி இன்ஷூரன்ஸா? செல்போனில் தேடத் தெரிந்தவர்கள் தேடிக்கொள்வோம். கொத்து வேலைக்குப் போகிறவர், வீட்டு வேலை செய்கிற அக்கா என்ன செய்வார்கள்? "நீங்கள் ஏன் பார்க்கவில்லை" என்று பழியை மக்கள் தலையில் போட இது வழி செய்து கொடுக்கிறது.

ஈரோட்டுக்காரன்:
யார் மேல் தப்பு என்பதில் நமக்குள் சண்டையே இல்லை தம்பி. ஆனால் வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயரைச் சேர்க்கவே முடியாது. 1950ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 23(3). மனு கொடுத்த அன்றைக்கே பெயர் ஏறிவிடாது, ஆட்சேபணைக்கு ஏழு நாள் விட வேண்டும். ஓட்டுப் போடும் நாளில் நம் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அந்த மேஜையில் இருப்பவரால் ஒரு வரியைக்கூடச் சேர்க்க முடியாது. அன்றைக்கு எங்களிடமும் அதைத்தான் சொன்னார், அவரும் வருத்தத்தோடுதான் சொன்னார்.

கணக்கு டீச்சர்:
நான் வாக்குச்சாவடி நிலை அலுவலராக வேலை பார்த்தவள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது வீடு வீடாகப் படிவம் கொடுத்தோம். ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன் உள்ளேயே விடவில்லை. இன்னொரு தெருவில் மூன்று முறை போனேன், மூன்று முறையும் பூட்டு. கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவார்கள் என்று எதிர்வீட்டுப் பாட்டி சொன்னதால் நான்காவது முறை போய்ப் பிடித்தேன். அந்தப் பாட்டி சொல்லாமல் இருந்திருந்தால் "இடம் மாறியவர்" என்றுதான் நானும் எழுதியிருப்பேன். அவர்கள் எங்கேயும் போகவில்லை. அதனால்தான் சொல்கிறேன், நாங்கள் எழுதியது சரியா என்று நீங்களும் பாருங்கள்.

வடபழனி வாசி:
டீச்சர், நீங்கள் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதே என் வாதத்துக்கும் பொருந்துகிறது. 2025 டிசம்பர் 19இல் வந்த தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இல்லை. அதில் 66 லட்சத்துக்கும் மேல் இடம் மாறியவர், வீட்டில் இல்லாதவர் என்ற கணக்கில் போனவை. சென்னையில் வாடகைக்கு இருப்பவனுக்கு வீடு மாறுவது வழக்கம். 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் வாடகையை ஏற்றுவார்கள், நான்கு தெரு தள்ளிப் போவோம். அதற்காக ஓட்டே இல்லை என்று ஆகலாமா? ஒருவர் பெயரை நீக்குமுன் அவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே 1950ஆம் வருடச் சட்டத்தின் பிரிவு 22 சொல்கிறதே. பூட்டின வீட்டுக் கதவு எப்படிப் பதில் சொல்லும்?

கணக்கு டீச்சர்:
நியாயமான கேள்வி. என் கையில் அதற்குப் பதில் இல்லை, அதை மேலே கேட்க வேண்டும், கேளுங்கள். ஆனால் வீடு மாறியதும் படிவம் 8 கொடுத்தால் பெயர் புது முகவரிக்கு வந்துவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்களில் பலருக்கு இது தெரியவே இல்லை. பெயர் அடியோடு போயிருந்தால் படிவம் 6. தெரியாவிட்டால் 1950 என்ற உதவி எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். நெட் பார்க்கத் தெரியாத அந்த வீட்டு வேலை அக்காவுக்காக நீங்கள் தேடிக் கொடுங்கள், இரண்டு நிமிஷம்தான் ஆகும்.

வடபழனி வாசி:
நேற்று ராத்திரி தேர்தல் ஆணைய இணையதளத்தில் தேடினேன். என் பெயர் பழைய சாலிகிராமம் முகவரியிலேயே இருக்கிறது. மனைவி பெயர் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. வீட்டில் வேலை செய்கிற அக்காவின் அட்டை எண்ணைப் போட்டேன், அவர் பெயர் இருக்கிறது. நீக்கியவர்களைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் மனைவிக்கு இப்போது என்ன செய்வது டீச்சர்?

கணக்கு டீச்சர்:
உடனே நீக்கிவிட்டார்கள் என்று முடிவுக்கு வராதீர்கள். எதை வைத்துத் தேடினீர்கள்? பெயரை வைத்து என்றால் எழுத்து ஒன்று மாறினாலும் வராமல் போகலாம். அட்டை எண்ணைப் போடுங்கள். அது டிஎன் என்று தொடங்கி நடுவில் சாய்வுக்கோடுகள் வருகிற பழைய நீண்ட எண்ணா? அப்படியானால் அவருக்கு மூன்று ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமுமாகப் புது எண் வந்திருக்கும், பழையதைப் போட்டால் காட்டாமல் போகலாம். பழைய சாலிகிராமம் முகவரி வருகிற பாகத்தின் (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பகுதியின்) பட்டியலை இறக்கி, உங்கள் வீட்டு எண்ணுக்கு மேலும் கீழும் பத்து வரி பாருங்கள். அதிலும் இல்லையென்றால் நாளைக்கே படிவம் 6. உங்களுக்குப் படிவம் 8. இரண்டையும் ஒன்றாகவே கொடுத்துவிடுங்கள், மனுவைப் பெற்றதற்குத் தரும் ஒப்புகை எண்ணை எழுதி வைக்க மறக்க வேண்டாம்.

ஈரோட்டுக்காரன்:
அம்மாவுக்கு நாங்களும் படிவம் 6தான் கொடுத்தோம். ஒரு மாதத்தில் பெயர் ஏறிவிட்டது. இப்போது பட்டியல் வரும்போதெல்லாம் "என் பேரு இருக்குதா பாரு கண்ணு" என்று அவரே கேட்கிறார். வரிசை எண்ணை வாசித்துக் காட்டினால்தான் விடுகிறார்.